மட்டம் பார்த்துக் கொடுத்த சான்றிதழ்

சுரைக்காய்ப்பட்டிக்காரர்கள் எங்கள் ஊர் ரசமட்டத்தை இரவல் வாங்கிப் போனார்கள். இன்னும் திருப்பித் தரவில்லை. அந்தக் கோபத்தில் கதையைக் கூட்டிச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்கள் விஷயத்தில் கூட்டுவதற்கு எதுவுமே மிச்சம் இல்லை.

ஆற்றோரத்து ஊர்களுக்கு ஒரு அதிகாரி வந்தார். பள்ளிக்கூடம் போகாமலே தொழில் கற்றவர்களைச் சோதித்துப் பார்த்துச் சான்றிதழ் கொடுங்கள் என்றார். சோதிக்கிற கருவி தரமானதாக இருக்கட்டும், இல்லாத ஊர் இருக்கிற ஊரிடம் வாங்கிக்கொள்ளட்டும், எல்லாருக்கும் ஒரே அளவுகோல், பாரபட்சம் கூடாது என்றும் சொன்னார். கடைசியாக, சான்றிதழ் இல்லாதவர் இனி பரிசல் ஓட்டக் கூடாது என்றார்.

அதைக் கேட்ட சுரைக்காய்ப்பட்டிப் பரிசல்காரன் ஒண்டிமுத்து பரிசலைக் கரையில் கவிழ்த்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டான். பரிசலை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

எங்கள் ஊரில் கொத்தனார்களைச் சோதிக்க ரசமட்டம் வைத்திருந்தோம். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி இருக்கும். கட்டிய சுவர் சமமாக இருந்தால் குமிழி நடுவில் நிற்கும். சுரைக்காய்ப்பட்டி மணியக்காரர் வெள்ளியங்கிரி அதைக் கேட்டு வந்தார். இது கொத்து வேலைக்கு மட்டும்தான் என்றோம். எல்லாருக்கும் ஒரே அளவுகோல் என்றால் அதற்கு ஒரு அர்த்தம் வேண்டாமா என்று எங்களையே கேட்டார். சோதிக்கத் தெரிந்த ஆளையும் கூட அனுப்புகிறோம் என்றோம். ஆள் வந்தால் பாரபட்சமும் கூடவே வரும் என்று சொல்லிவிட்டார்.

முதலில் முடிவெட்டுகிறவரைச் சோதித்தார்கள். வெட்டிய தலைமேல் மட்டத்தை வைத்தார்கள். குமிழி ஓரமாகப் போனது. இன்னும் கொஞ்சம் வெட்டச் சொன்னார்கள். வெட்ட வெட்ட முடிதான் தீர்ந்தது, குமிழி நிற்கவில்லை. கடைசியில் மொட்டையாகிப்போன ஆள் பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தார். குமிழி நடுவுக்கு வந்துவிட்டது. திறமை யாருடையதோ அவருக்குத்தானே சான்றிதழ்? மொட்டைத் தலையரிடம் கொடுத்தார்கள்.

அடுத்தது சமையல். நல்ல களி கிண்டுகிற பொம்மக்காளின் களி குவியலாக நின்றதால் அவள் தேறவில்லை. சட்டியில் பச்சைத் தண்ணீர் வைத்திருந்தவள் தேறினாள்.

ஒண்டிமுத்துவின் முறை வந்தது. அவனும் பரிசலை எடுத்துக்கொண்டு நடு ஆறு வரை அழகாகத்தான் போனான். பரிசலுக்குள் மட்டத்தை வைத்துக்கொண்டு குனிந்து பார்த்த பூச்சியப்பன், குமிழி எலி மாதிரி ஓடுகிறது என்றார். அவர் மணியக்காரருக்கு அடுத்த புத்திசாலி.

ஒண்டிமுத்து கரையேறி மணியக்காரர் காலில் விழுந்தான்.

“சின்னப் பையனா இருக்கறப்ப இருந்து ஓட்டறேனுங்க. இதுவும் இல்லீன்னா நான் எங்கீங்க போவேன்?”

“உன்மேல குத்தம் இல்லடா. ஆடறது பரிசலா, ஆறா?”

“ஆறுங்க.”

“அப்ப ஆறு தேறல. நீ என்ன பண்ணுவே பாவம்” என்றார் மணியக்காரர்.

ஆறு செய்த தப்புக்கு ஆளைத் தண்டிக்கலாமா என்று வெகுநேரம் பேசினார்கள். ஆற்றை விலக்கிவிட்டு ஒண்டிமுத்துவை மட்டும் தனியாகச் சோதிப்பது என்று பூச்சியப்பன் முடிவு சொன்னார். பரிசலை மணல்மேட்டில் ஏற்றினார்கள். ஒண்டிமுத்து மணலில் துடுப்புப் போட்டான். குமிழி நடுவில் கல் மாதிரி நின்றது. சான்றிதழ் கிடைத்தது. தேறிய இடத்தில்தான் ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

மறுநாளே மணலில் பரிசல் ஓடத் தொடங்கியது. அக்கரைச் சந்தைக்குப் போக முதல் ஆளாகப் பூச்சியப்பன் ஏறினார். தோள் வலி கண்டால் அக்கரை வந்துவிட்டது என்பது ஒண்டிமுத்துவின் பழைய அனுபவம். தோள் வலிக்கும்வரை துடுப்புப் போட்டுவிட்டு, இறங்குங்கள் என்றான்.

பூச்சியப்பன் இறங்கிப் பார்த்து அசந்துபோனார். அக்கரையிலும் அதே மாதிரி வேப்பமரம், அதே மாதிரி மணியக்காரர். குடத்தோடு ஒரு பெண் வந்தாள். அசல் அவர் மனைவி நாச்சாயி மாதிரியே இருந்தாள்.

“சோறு ஆறுது, வாங்க” என்றாள் அவள்.

பூச்சியப்பன் இரண்டடி பின்வாங்கிக் கைகூப்பினார். “அம்மிணி, நான் அக்கரைக்காரனுங்க. உங்க வீட்டுக்காரர் வேற யாரோ. தப்பா நெனச்சுக்காதீங்க.”

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. குடத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். இனி அங்கே நிற்பது மரியாதை இல்லை என்று பூச்சியப்பன் சந்தைக்குப் போகாமலே பரிசலில் ஏறித் திரும்பினார். மறுபடி தோள் வலித்ததும் ஒண்டிமுத்து இறக்கிவிட்டான்.

வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்ததும் மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்.

“ஏ புள்ள, அக்கரையில அச்சு அசல் உன்னைய மாதிரியே ஒருத்தி இருக்கா.”

“இருப்பா, இருப்பா” என்றாள் நாச்சாயி. “இங்கயும் சித்த முந்தி அக்கரையில இருந்து ஒருத்தர் வந்தாரு. பார்க்க உங்களாட்டமேதான். ஆனா எவ்வளவு மரியாதையாப் பேசினாருங்கறீங்க!”