உவர்க்காட்டு மூன்று கையெழுத்து

முன்னொரு காலத்தில், உப்புக்கு வரியும் படிப்புக்கு விலையும் இருந்த ஒரு நாட்டில், நினைத்ததை நினைத்த மாத்திரத்தில் கேட்கிற ராஜா ஒருவர் இருந்தார். ஒரு பிறந்தநாளன்று அவருக்கு ஓர் ஆசை வந்தது. நாட்டில் உள்ள ஒவ்வோர் ஊரும் தன் கைப்பட ஒரு வாழ்த்து ஓலை எழுதி அனுப்ப வேண்டும் என்றார். ஆற்றங்கரை ஊர்களிலிருந்து ஓலைகள் வண்டி வண்டியாக வந்தன. கடலோரத்து உவர்க்காட்டிலிருந்து மட்டும் ஒரு மூட்டை உப்பு வந்தது.

"ஓலை எங்கே?" என்று கேட்டார் ராஜா.

"அங்கே எழுதத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை, மகாராஜா," என்றான் அரசவை விகடர் மருதையன். "கையில் இருந்ததைக் கொடுத்திருக்கிறார்கள்."

"வாத்தியார்களை அனுப்புவதுதானே?"

"யார் போவார்கள்? குடிக்கிற தண்ணீரே அங்கே கரிக்கும். ஆனால் ஒன்று. நம் கல்விச்சாலையில் படித்து வெளியே வருகிற ஏழைப் பிள்ளை ஒவ்வொருவர் தலையிலும் முந்நூறு பொன் கடன் இருக்கிறது. அந்தச் சுமையை இறக்கி வைக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். உவர்க்காட்டுக்கென்ன, கடலுக்குள்ளேயே போய்ப் பாடம் நடத்துவார்கள்."

ராஜாவுக்குப் பிடித்துவிட்டது. வாத்தியார் இல்லாத ஊரில் ஐந்து வருஷம் கற்பித்தவருக்குப் படிப்புக் கடன் முழுவதும் தள்ளுபடி என்று கட்டளை பிறந்தது. பொக்கிஷதார் அம்பலநாதருக்கு மட்டும் அடிவயிறு எரிந்தது. விகடன் ஒருவன் வாயைத் திறக்க, தன் பொக்கிஷம் மூடாமல் கிடப்பதா? அவர் வாயால் எதிர்க்கவில்லை. கட்டளையை ஓலையில் எழுதும் வேலையைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஐந்து வருஷம் போனது. போனவர்களில் பலர் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் பாதியில் திரும்பினார்கள். காளத்தி என்கிற ஒரு வாத்தியார்தான் காலத்தை முழுதாக முடிக்க இருந்தார். அவரிடமிருந்து மருதையனுக்கு ஓர் ஓலை வந்தது. அதை வாசித்த பிறகு மருதையனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

காளத்தியின் கடனுக்கு ஈடாக நின்றது அவருடைய அண்ணன் வேலப்பன். கடன் தீரும்வரை ஈடு நின்றவர் அரசாங்கப் பாறையில் கல் உடைக்க வேண்டும் என்பது அந்த நாட்டு முறை. தள்ளுபடி கிடைத்தால் அண்ணன் வீட்டுக்குப் போகலாம். கிடைக்காவிட்டால் இன்னும் பன்னிரண்டு வருஷம் பாறைதான். ஏற்கெனவே கல் சில்லு தெறித்து ஒரு கண் போயிருந்தது. பன்னிரண்டு வருஷம் தாங்குகிற உடம்பு இல்லை அது.

தள்ளுபடிக்கு அம்பலநாதர் எழுதி வைத்திருந்த நிபந்தனை இது: 'ஐந்து வருஷம் முடியும் பௌர்ணமியன்று உச்சிப்பொழுதுக்குள், அந்த ஊரிலேயே பிறந்தவரும், வாசிக்க எழுதத் தெரிந்தவரும், அந்த ஆசிரியரிடம் ஒரு நாளும் பாடம் கேளாதவருமான மூன்று பேர் சபைக்கு வந்து, அவர் கற்பித்தது உண்மை என்று சாட்சிக் கையெழுத்திட வேண்டும்.'

மருதையன் நேரே சபைக்குப் போனான்.

"மகாராஜா, எழுத்தே தெரியாத ஊர் என்பதால்தானே வாத்தியாரை அனுப்பினோம்? அவரிடம் படிக்காமலே படித்தவன் அந்த ஊரில் எப்படி இருப்பான்?"

"மாணவர்கள் பாசத்தால் பொய்ச்சாட்சி சொல்லக்கூடும், அரசே," என்றார் அம்பலநாதர், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு. "பொக்கிஷத்தைக் காப்பது அடியேன் கடமை அல்லவா?"

ராஜா மீசையைத் தடவினார். "நான் முத்திரை வைத்த ஓலையில் ஓர் எழுத்தையும் மாற்றியதில்லை, விகடரே."

"மாற்ற வேண்டாம் அரசே," என்று அம்பலநாதர் குறுக்கே வந்தார். "இந்தத் திட்டமே விகடருடையது. அவரே அந்த மூவரைக் கொண்டுவரட்டும். முடியாவிட்டால் அந்த வேலப்பனுக்குத் துணையாகப் பாறையில் உட்காரட்டும். சிரிக்க வைக்க ஆள் இல்லாமல் அங்கே எல்லோரும் வாடிப்போயிருக்கிறார்கள்."

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "அப்படியே ஆகட்டும். பௌர்ணமிக்கு எட்டு நாள் இருக்கிறது," என்று சொல்லிவிட்டார். மருதையன் மட்டும் சிரிக்கவில்லை. சுத்தியலைப் பிடித்தறியாத தன் இரண்டு கைகளையும் ஒரு முறை பார்த்துக்கொண்டான்.

உவர்க்காட்டுக்கு வண்டியில் மூன்று நாள். கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளைப் பாத்தி, நடுவில் வெயிலில் கருகிய மனிதர்கள். காளத்தி வாத்தியார் ஒரு பனையோலைக் கொட்டகை வாசலில் நின்றிருந்தார். முப்பது வயதுதான். பார்த்தால் ஐம்பது.

"பிள்ளைகள் நாற்பத்தொரு பேரும் வாசிப்பார்கள் ஐயா. ஆனால் எல்லாரும் என்னிடம் கேட்டவர்கள். பெரியவர்களைக் கூப்பிட்டுப் பார்த்தேன். விடிவதற்கு முன்னால் பாத்தியில் இறங்கினால் பொழுது சாய்ந்துதான் ஏறுகிறார்கள். ஒருவரும் ஒரு நாளும் வந்ததில்லை."

மருதையன் இரண்டு நாள் ஊரெல்லாம் அலைந்தான். எழுத்துத் தெரியுமா என்று கேட்டால், அரண்மனை ஆள் எதற்குக் கேட்கிறானோ என்று எல்லோரும் தலையை ஆட்டி இல்லை என்றார்கள். மறுநாள் விடிந்தால் திரும்பியாக வேண்டும். அவன் மனசில் பாறையில் சுத்தியல் விழுகிற சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது.

அன்று உச்சிவெயிலில் பாத்தி வரப்பில் ஒரு சண்டை.

"ஏ கங்காணி, கண்ணு தெரியலையா உமக்கு? நேத்து பதினேழு மூட்டை வாரியிருக்கேன். இந்த ஓலையில பதினாலுன்னு போட்டிருக்கீரு!"

"ஏட்டி செம்பாயி, பதினேழுன்னுதான் போட்டிருக்கேன்."

"யாருகிட்ட கதை விடுதீரு? இது ஏழா? இதை நாலுன்னு எம்மவ தினம் இந்த மண்ணுல எழுதுதா. ஏழு எப்படி இருக்கும்னு நான் எழுதிக் காட்டட்டா?"

மருதையன் செருப்பை விட்டுவிட்டு வரப்பில் ஓடினான். உப்பு வாரும் பலகையை ஊன்றி நின்றிருந்தாள் செம்பாயி. காலெல்லாம் வெடிப்பு.

"தாயே, உனக்கு வாசிக்கத் தெரியுமா?"

"நீரு யாரு? அதைத் தெரிஞ்சு என்ன செய்யப்போறீரு?"

விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. கொட்டகையில் ஓலையும் கிடையாது, எழுதிப் பழக நல்ல மணலும் கிடையாது. அதனால் காளத்தி ஒரு வழக்கம் வைத்திருந்தார். மத்தியானம் கஞ்சி கொண்டுபோகிற பிள்ளை ஒவ்வொன்றும், அன்றைய பாடத்தை உப்புப் பாத்தியில் எழுதிவிட்டு வர வேண்டும். தண்ணீர் பாய்ச்சுமுன் மிதித்து இறுக்கிய களிமண்ணில் குச்சியால் எழுதினால் எழுத்து பளிச்சென்று நிற்கும். கஞ்சி குடிக்கிற நேரத்தில் பெற்றவர்கள் சும்மா இருப்பார்களா? இது என்ன, அது என்ன என்று கேட்டார்கள். பிள்ளைகள் அதட்டி அதட்டிச் சொல்லிக் கொடுத்தன. ஐந்து வருஷம். செம்பாயிக்கு வந்துவிட்டது. பக்கத்துப் பாத்தி ஒச்சனுக்கும் மூக்கம்மாவுக்கும்கூட வந்துவிட்டது. அதைப் படிப்பு என்று அவர்கள் நினைக்கவே இல்லை.

மருதையன் வந்த காரியத்தைச் சொன்னான். செம்பாயி பலகையைக் கீழே போட்டாள்.

"நாங்க கையெழுத்துப் போட்டா வாத்தியாரு கடன் தீந்துரும். தீந்தா அவரு போயிருவாருல்ல?"

பொய் சொல்லலாம். சொல்லிச் சிரிக்க வைத்து வண்டியில் ஏற்றிவிடலாம். அது அவன் பிழைப்பு. ஆனால் அந்த வெடித்த காலைப் பார்த்துக்கொண்டு மருதையனுக்கு வாய் வரவில்லை.

"போனாலும் போகலாம்," என்றான்.

"அப்ப வரமாட்டேன். எங்க சின்னவ இப்பத்தான் ஆனா ஆவன்னா எழுதுதா."

"அவருடைய அண்ணன் பாறையில் கல் உடைக்கிறார் தாயே. ஒரு கண் போய்விட்டது. கடன் தீர்கிறவரை அவருக்கு விடுதலை இல்லை."

பக்கத்துப் பாத்தியிலிருந்து வந்து நின்ற மூக்கம்மா, "இதை எங்ககிட்ட ஒரு நாளும் வாத்தியாரு சொன்னதில்லையே," என்றாள்.

"அப்ப அஞ்சு வருசமா எம்பிள்ளை அந்த மனுசன் முதுகு மேல உக்காந்தா படிச்சிருக்கு?" என்றாள் செம்பாயி. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "வண்டி எங்க நிக்கி?"

பௌர்ணமியன்று சபை நிரம்பி வழிந்தது. மருதையன் பாறைக்குப் போவதைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வந்திருந்தார்கள். காளத்தி ஒரு தூணோரம் நின்றார். பாறையிலிருந்து வேலப்பனையும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள், காலில் விலங்கோடு. மூன்று உப்பளத்துக்காரர்களும் உள்ளே வந்ததும் அம்பலநாதர் மூக்கைச் சுளித்தார்.

"இவர்களுக்கா எழுத்து? கிளிக்குப் பேச்சுப் பழக்குவதுபோலப் பெயரைக் கிறுக்கப் பழக்கியிருப்பீர். எங்கே, இதை வாசிக்கட்டும்." பக்கத்தில் இருந்த ஓலைக்கட்டிலிருந்து ஒன்றை உருவிச் செம்பாயி கையில் கொடுத்தார்.

செம்பாயி ஓலையை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "கி…ழக்குக் கோட்… கோட்டை வாச…லில்," என்று ஆரம்பித்தாள். பாரம் தூக்குகிறவன் ஒவ்வோர் அடியாக எடுத்து வைப்பதுபோல ஒவ்வோர் எழுத்தாக வைத்தாள். "சுங்கம் செலுத்தாத வண்டிகள்…" அங்கே நின்றுவிட்டாள். அடுத்த எழுத்து பிடிபடவில்லை. சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உச்சிப்பொழுதை அறிவிக்கிற முரசுக்காரன் கோலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

செம்பாயி ஓலையைப் பார்க்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்தாள். சலவைக்கல் தரையில் கால் பெருவிரலால் அந்த எழுத்தை ஒரு முறை வரைந்தாள். மறுபடி வரைந்தாள்.

"ஞா," என்றாள். "ஞாயிறு மறைந்தபின் உள்ளே புகுதல் கூடாது."

ராஜா சிம்மாசனத்தில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். மற்ற இருவரும் ஆளுக்கு ஒரு வரி வாசித்தார்கள். ஒச்சன் சத்தம் போட்டே வாசித்தான், பாத்திக்குப் பாத்தி கூப்பிடுகிற குரலில்.

அம்பலநாதர் அசரவில்லை. குரலைத் தேன்போல ஆக்கிக்கொண்டார். "நன்று அம்மா. உனக்கு யார் கற்பித்தது?"

"எம்மவ சாமி."

"அவளுக்கு?"

"எங்க வாத்தியாரு."

"கேட்டீர்களா அரசே!" என்று அவர் கையைத் தட்டினார். "மகளுக்குக் கற்பித்தவன் காளத்தி. மகள் வழியாக இவளுக்குக் கற்பித்தவனும் காளத்தி. இவர்களும் அவன் மாணவர்களே. சாட்சி செல்லாது!"

ராஜாவின் முகம் இருண்டது. "பொக்கிஷதார் சொல்வதில் நியாயம் இருக்கிறது, விகடரே."

வேலப்பனின் விலங்கு ஒரு முறை சத்தமிட்டது. காளத்தி கண்ணை மூடிக்கொண்டார். மருதையன் ஓர் அடி முன்னால் வந்து இரண்டு கையையும் கூப்பினான்.

"நியாயம்தான் மகாராஜா. நான் தோற்றேன். ஆனால் நாளை இதேபோல் வழக்கு வந்தால் யாரும் வாதாடக்கூடாது. பொக்கிஷதார் வாயாலேயே சொல்லட்டும், இதைச் சட்டமாக எழுதி முத்திரை வைத்துவிடுங்கள். பிறகு நான் பாறைக்குப் போகிறேன்."

அம்பலநாதருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. எழுத்தரைக் கூப்பிட்டு, சபை கேட்கச் சொன்னார்: "ஓர் ஆசிரியரிடம் கற்றவர் எவருக்குக் கற்பித்தாலும், அவரும் அந்த ஆசிரியரின் மாணவரே ஆவார்." எழுத்தாணி கீறியது. ராஜா முத்திரை மோதிரத்தைக் கழற்றினார்.

"ஒரு நொடி, மகாராஜா," என்றான் மருதையன். "பொக்கிஷதார் ஐயா, தாங்கள் கற்றது எங்கே?"

"எங்கே என்றால்? நம் அரசாங்கக் கல்விச்சாலையில்."

"அங்கே ஒரு மாணவருக்குக் கட்டணம் முந்நூறு பொன். சரிதானே? தங்கள் மகன்கள் ஏழு பேரையும் தாங்களே வீட்டில் வைத்துக் கற்பித்தீர்கள். பேரப்பிள்ளைகள் பத்தொன்பது பேருக்கும் தாங்களேதான். கட்டணம் மிச்சம் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னீர்கள். இந்தச் சட்டப்படி அந்த இருபத்தாறு பேரும் கல்விச்சாலை ஆசிரியர்களின் மாணவர்கள். ஏழாயிரத்து எண்ணூறு பொன் பாக்கி. முத்திரை விழுந்ததும் கட்டிவிடுவீர்களா, அல்லது பாறைக்கு ஈடாக யாரை அனுப்பப்போகிறீர்கள்? மூத்தவரையா, இளையவரையா?"

ராஜா மோதிரத்தை ஓலைக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் பிடித்துக்கொண்டு, அம்பலநாதரையே பார்த்தார்.

"அரசே… அது வேறு, இது…"

"நான் முத்திரை வைத்தால் மாற்றமாட்டேன் என்பது உமக்குத் தெரியும்," என்றார் ராஜா. "வைக்கட்டுமா?"

வாசலில் முரசுக்காரன் கோலை ஓங்கினான்.

"வேண்டாம்!" என்று அலறினார் அம்பலநாதர். "மகளிடம் கற்றவள் மகளின் மாணவிதான்! காளத்தியின் மாணவி அல்ல! அல்லவே அல்ல!"

"கையெழுத்து!" என்றான் மருதையன்.

செம்பாயி எழுத்தாணியை வாங்கினாள். பாத்தி மண்ணில் எழுதிப் பழகிய கை. அவள் பெயர் ஒன்றே ஓலை முழுவதையும் அடைத்துக்கொண்டது. எழுத்தர் அடித்துப் பிடித்து ஓடி இன்னும் இரண்டு ஓலை கொண்டுவந்தார். மூக்கம்மாவும் போட்டாள். ஒச்சன் கடைசி எழுத்தை முடித்துக் கையை எடுக்கவும் முரசு விழவும் சரியாக இருந்தது.

வேலப்பனின் காலில் விலங்கு வெட்டப்பட்டது. காளத்தி ஓடிப்போய் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். ராஜா தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையையும் நூறு பொன் முடிப்பையும் மருதையனுக்குக் கொடுத்தார். அதோடு, இனி அந்த நிபந்தனையே இல்லாமல் புதுக் கட்டளை எழுதவும் சொன்னார். "பழையதை மாற்றவில்லை. புதிதாக எழுதுகிறேன்," என்றும் சேர்த்துக்கொண்டார்.

செம்பாயி மட்டும் வாசலுக்குப் போகாமல் நின்றாள். "வாத்தியாரே, இனி நீரு போயிருவீரா?"

காளத்தி அண்ணனின் கையைப் பிடித்தபடி தயங்கினார். "அண்ணனை வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். ஒரு மாதம் கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு வருகிறேன் அம்மா."

"வாயால சொன்னா ஆச்சா?" என்றாள் செம்பாயி. எழுத்தரின் மேஜையிலிருந்து ஓர் ஓலையை எடுத்து அவரிடம் நீட்டினாள். "ஒரு மாசம்னு இதுல எழுதி, கீழ கையெழுத்துப் போடும். இனிமே நாங்க படிச்சுக்குவோம்."

அன்று ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. காளத்தி தரையில் உட்கார்ந்து எழுதினார். செம்பாயி குனிந்து நின்று, ஓர் எழுத்து விடாமல் வாசித்துப் பார்த்த பிறகுதான் வாங்கி இடுப்பில் செருகினாள்.