மருதக்கோ மண் சுமந்த வரலாறு

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்காதீர்கள், எந்த நாட்டிலும் நடக்கக்கூடியதுதான், மருதக்கோ என்றொரு ராஜா இருந்தார். ஒரு நாள் அவருக்கு ஓர் ஆசை வந்தது. நாட்டின் வரலாற்றைக் கல்லில் வெட்டி, தாம் வெட்டிய பெரிய ஏரியின் கரையில் நட வேண்டும் என்றார். ராஜாவுக்கு ஆசை வந்தால் யார் தலையிலாவது விடியாமல் இருக்குமா?

வீராயி தலையில் விடிந்தது. ஏரி வெட்டும்போது அடைமழையில் கரை சரிந்து, மண் சுமந்தவர்கள் பலர் உயிரோடு புதைந்துபோனார்கள். அவள் புருஷனும், கரையோர மரக்கிளையில் தூளி கட்டிப் போட்டிருந்த பச்சைப் பிள்ளையும் அதில் போனார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் கூடவே வேலை செய்தவர்கள் எழுத்தில்லாத மொட்டைக் கல் ஒன்றை நட்டு விளக்கேற்றி வந்தார்கள். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அங்கேதான் ராஜாவின் கல்லை நட வேண்டும் என்றார் முதல் மந்திரியான பிரதானி மாதவராயர்.

அரண்மனை வாசலில் விழுந்து அழுத வீராயியை உள்ளே அழைத்து வந்தவன் விகடன் சாத்தன். ராஜாவைச் சிரிக்க வைப்பதுதான் அவன் உத்தியோகம். அதனாலேயே பிரதானிக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

"மகாராஜா, இவள் வீட்டாரும் இந்நாட்டு வரலாற்றில் உண்டு. அந்தக் கல் அங்கேயே இருக்கட்டும்" என்றான் சாத்தன்.

பிரதானி எழுந்தார். "அப்படியானால் வரலாற்றைச் சாத்தனே இயற்றட்டும், பிரபு. தங்கள் பெயரைத் தவிர வேறொரு பெயர் அதில் வரலாகாது. நடந்தது எதுவும் விடுபடவும் கூடாது. தவறினால் அவன் நாக்கை அறுக்க ஆணையிட வேண்டும்."

ராஜாவுக்கு இது நல்ல வேடிக்கையாகப் பட்டது. "ஆகட்டும். செய்து காட்டினால் அவள் கல் பிழைத்தது" என்றார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். கல்லில் வெட்டும் முன் வாசகத்தைச் சபை கூடிக் கேட்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் சபையோர் 'உண்மை' என்று சொன்ன பிறகே சிற்பி உளியை எடுப்பான். ஆனால் யார் காது கொடுத்துக் கேட்டார்கள்? வாசிப்பவன் குரலை இறக்கியதும் 'உண்மை' என்று ஒரு கத்து கத்திவிட்டு வெற்றிலையை மென்றுகொண்டிருப்பார்கள்.

ஏரிக்கரையில் சபை கூடியது. ஊர் ஜனங்கள் தள்ளி நின்றார்கள். சாத்தன் வாசித்தான்.

"மகாராஜா மருதக்கோ கோட்டை கட்டினார்."

"உண்மை!"

"கல் தூக்கித் தூக்கி அவர் தோள் பழுத்துப்போனது."

"உண்மை!"

ராஜா மீசையை நீவிக்கொண்டே சிரித்தார்.

"மகாராஜா மருதக்கோ ஏரி வெட்டினார். பசியோடு மண் கூடை சுமந்தார். கால் தளர்ந்தபோது கங்காணியிடம் சவுக்கடி பட்டார்."

"உண்மை!"

"அடைமழையில் கரை சரிந்தது. மகாராஜா மருதக்கோ மண்ணுக்குள் மூச்சு முட்டிச் செத்தார்."

"உண்மை!"

கத்தியவர்களில் மாதவராயர் குரல்தான் பெரிதாக இருந்தது. என்ன சொன்னோம் என்பது உறைத்ததும் மென்ற வெற்றிலை அவர் வாயிலேயே நின்றது.

ராஜா கத்தியை உருவிக்கொண்டு எழுந்தார். "நான் எப்போதடா செத்தேன்?"

சாத்தன் கைகூப்பிச் சொன்னான். "கரை சரிந்த அன்று, மகாராஜா. ஏரியைத் தாங்கள்தான் வெட்டினீர்கள் என்றால் மண்ணைச் சுமந்ததும் தாங்கள்தான், மண்ணோடு போனதும் தாங்கள்தான். வேறு யாராவது செத்திருந்தால் அவர்கள் பெயரைச் சொல்ல எனக்கு உத்தரவு இல்லையே!"

ராஜா கத்தியை உறையில் போட்டார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். "அவள் கல்லைத் தொடாதீர்கள். செத்தவர்கள் பெயரை அதில் வெட்டுங்கள்" என்றார்.

ஜனங்கள் ஒவ்வொருவராக வந்து பெயர் சொன்னார்கள். வீராயியின் முறை வந்தது.

"புருஷன் பேரு சடையனுங்க சாமி."

"பிள்ளை பெயர்?" என்று ராஜாவே கேட்டார்.

"அதுக்கு இன்னும் பேரு வைக்கலீங்க. ஏரி நெறஞ்சதும் வைக்கலாம்னு இருந்தோம்."

ராஜாவின் முகத்தில் சிரிப்பு செத்துப்போனது. நிறைந்து கிடந்த ஏரியைப் பார்த்தார். பிறகு, "என் பெயரை வை" என்றார்.

ஜனங்கள் வாயால் ராஜா பெயரைச் சொன்னால் சவுக்கடி விழும் நாடு அது. வீராயி காவலர் கையிலிருந்த சவுக்கைப் பார்த்தாள். "கூப்பிட்டுப் பாக்கட்டுங்களா, சாமி?"

"கூப்பிடு, அம்மா."

அவள் தண்ணீர் ஓரம் போய் நின்றாள். "மருதக்கோ... ஏ மருதக்கோ... எங்கண்ணு..." என்று பெற்றவள் பிள்ளையைக் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டாள். கூப்பிடக் கூப்பிடக் குரல் உடைந்து ஒப்பாரியாயிற்று. காவலர்கள் ராஜா முகத்தைப் பார்த்தார்கள். அவள் அழுது ஓயும்வரை ராஜா தலை குனிந்து நின்றுகொண்டே இருந்தார்.