பனிப்பூவை வரிசையில் வரச்சொன்ன கதை

வெயிலைத் தவிர வேறெதுவும் செழிப்பாக விளையாத சீமை அது. அதற்கும் ஒரு ராஜா இருந்தார். அவருக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஊரில் அத்தனை மீசையும் ஒரே நீளம். மீசை முளைக்காதவர்கள் கரியால் வரைந்துகொண்டார்கள்.

வடக்கேயிருந்து வந்த பண்டிதர் ஒருவர் சபையில் பனிப்பூவைப் பற்றிச் சொன்னார். மேகத்துக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி. அதில் நீராவி ஒட்டி உறைந்து ஆறு கை முளைக்கும். இறங்குகிற வழியில் எங்கே எவ்வளவு குளிர், எவ்வளவு ஈரம் என்பதைப் பொறுத்து அந்தக் கைகள் கிளைவிடும். ஒவ்வொன்றும் தனித்தனி வழியாக வருவதால் ஒன்றைப்போல ஒன்று இருக்காது என்றார்.

ராஜாவின் முகம் சுருங்கிவிட்டது. அளவு அதிகாரி சன்னாசியைக் கூப்பிட்டு, ஒன்றுபோல இரண்டு கொண்டுவா, இல்லாவிட்டால் உன் தலைப்பாகை உன் மச்சானுக்கு என்றார். மச்சான் அங்கேயே நின்று தன் தலையை நூலால் அளந்துகொண்டிருந்தான்.

சன்னாசி தன் ஆட்கள் வெம்பனையும் தொப்பளானையும் கூட்டிக்கொண்டு வடக்கே போய், பனி விழும் மலையேறி, கறுப்புக் கம்பளியை விரித்தார். விழுந்ததில் ஒன்று நட்சத்திரம், ஒன்று தாம்பாளம், ஒன்று ஊசி. தலைப்பாகை இப்போதே நழுவுவதுபோல் இருந்தது அவருக்கு.

"தனித்தனி வழியா வர்றதுதாண்ணே கோளாறு," என்றான் வெம்பன். "ஒரே வழியா வரச் சொல்லுவோம்."

அது நியாயமாகப் பட்டது. இரண்டு மூங்கிலை நட்டு, கயிறு கட்டி, மேகத்தைப் பார்த்துத் தமுக்கடித்து, வரிசையில் வரும்படி அறிவித்தார்கள். வெளியே விழுந்தவற்றை வெம்பன் விளக்குமாற்றால் விரட்டினான். உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இறங்கின. அவையும் வேறு வேறு.

"ஒரே வழியாத்தானேடா வந்துச்சு?" என்றார் சன்னாசி.

தொப்பளான் வெகுநேரம் யோசித்தான். "முதல் பந்திக்கும் அடுத்த பந்திக்கும் ஒரே பாயசமாண்ணே கிடைக்குது? முன்னால வந்தது ஈரத்தை எடுத்துக்கிட்டுப் போயிருக்கும்."

வேறு வழியில்லாமல் அந்த இரண்டையும் இரண்டு சொம்பில் போட்டார்கள். தொட்டால் சில்லென்று இருந்தன. பாவம், குளிரில் வந்ததுகள் என்று கணப்புக்குப் பக்கத்தில் வைத்துக் கம்பளி போர்த்தினார்கள். பிறகு திறந்து பார்த்தால் இதில் ஒரு சொட்டுத் தண்ணீர், அதிலும் ஒரு சொட்டு. அச்சு அசல். சன்னாசி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொம்புகளை இறுக மூடினார்.

சபையில் ராஜா குனிந்து குனிந்து பார்த்தார். "ஒன்றுபோலத்தான் இருக்கு. கையெல்லாம் எங்கே?"

"உங்க முன்னால கையைக் கட்டிக்கிட்டு நிக்குதுங்க மகாராஜா."

ராஜா பூரித்துப்போனார். ஆனால் அந்தச் சீமை வெயில் பொல்லாதது. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு சொம்பு வறண்டுவிட்டது. மச்சான் தொண்டையைச் செருமினான். ராஜாவின் பார்வை மெல்லத் தலைப்பாகைக்கு ஏறியது.

சன்னாசி பதறவில்லை. இன்னொரு சொம்பை எடுத்து, அண்ணாந்து, வாயில் விட்டுக்கொண்டு, பழைய இடத்திலேயே வைத்தார்.

ராஜா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். இம்மியளவும் வித்தியாசமில்லை.

"முன்னைக்கு இப்பத்தான் ரொம்பப் பொருத்தம்," என்று சன்னாசியின் தலைப்பாகையைத் தன் கையாலேயே சரிசெய்துவிட்டு, ஊரிலுள்ள எல்லாச் சொம்பும் இனி இதே மாதிரிதான் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.