மூன்று கீழே, இரண்டு மேலே

ஒரு கை விரல்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் ஐந்து கணினிகள். எண்ணாமல் விடை வராது.

தூத்துக்குடிக் கடலோரத்தில் ஒரு படகு கண்காணிப்பு மையம். கடலில் இருக்கும் ஒவ்வொரு விசைப்படகும் நிமிடத்துக்கு ஒருமுறை தன் இடம், வேகம், காற்று என்று நாற்பது எண்களை அனுப்பும். கையால் எழுதி மாளாது. ஒரு கணினி செத்தாலும் தகவல் சாகக்கூடாதே என்று, அதைப் பல கணினிகளில் பிரதி எடுத்து வைப்பார்கள்.

ஒன்று, இரண்டு, மூன்று கீழ்த்தளத்தில், தரையோடு போல்ட் போட்டு. தகவல் வாங்கும் கருவியும் அங்கேதான். நான்கும் ஐந்தும் மாடியில், தனி பேட்டரியோடு. எந்தக் கணினி முதலில் ‘கிடைத்தது’ என்று பதில் சொல்கிறதோ, பிரதி அதில் போய் உட்காரும். கருவிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கீழே உள்ள மூன்றும்தான் எப்போதும் முந்தும். அவற்றின் வயிறு முட்ட முட்ட நிறைந்திருந்தது. மாடியில் நான்காவது பாதி காலி.

அந்த ஊரில் ஞாயிறு கடலுக்குப் போகாத நாள். ஆகவே ஞாயிறுதோறும் ஒரு கணினியைத் திறந்து துடைப்பது மையத்தின் வழக்கம். அன்று ஐந்தாவதின் முறை. தொழில்நுட்பப் பையன் டெல்வின் அதைக் கழற்றி மாடியிலேயே செய்தித்தாள்மேல் பரப்பியிருந்தான். திரையில் பதினொரு புள்ளிகள் மினுங்கிக்கொண்டுதான் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை திரையை யார் பார்க்கிறார்கள்? வலை நிறைய மீன் விழுந்ததால் கரை திரும்பாமல் ஒருநாள் நீட்டித்த தங்குகடல் படகுகள் அவை, நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பவை. ஒன்றில் மையப் பொறுப்பாளர் பெர்னதெத்தின் தம்பி ஜெபஸ்தியான்.

வேறு பக்கம் போய்க்கொண்டிருந்த புயல் மதியம் இரண்டு மணிக்கு இந்தக் கரைப்பக்கம் திரும்பியது. மூன்று மணிக்குக் கடல்நீர் வாசற்படியைத் தொட்டது. ஐந்தாவதை மாட்டி முடிக்க இன்னும் ஒன்றரை மணி நேரம். திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணையத் தொடங்கின. காற்று தணிந்ததும் மீட்புக் கப்பல் புறப்படும். எங்கே தேட வேண்டும் என்பதைச் சேர்த்து வைத்த தகவல்தான் சொல்லும்.

எத்தனை பிரதி?

“ரெண்டு போதும்க்கா,” என்றான் டெல்வின், கையில் திருப்புளியோடு. “சாயங்காலம் வர இடம் காணும். ரெண்டும் ஒண்ணாவா சாவும்?”

“மூணுக்குக் கொறையக் கூடாது மேடம்,” என்றார் மென்பொருள்காரர் பேச்சிராஜன். “போன மாசப் பதிவ அழிச்சா இடம் கெடைக்கும். மழ பெய்யிறப்ப எவனாச்சும் குடைய மடக்குவானா?”

தொலைபேசியில் தலைமை அலுவலக அதிகாரி: “தாங்கள் பதற்றமடைய வேண்டாம். இயங்குகிற நான்கிலும் ஒவ்வொரு பிரதி. அதிகபட்சப் பாதுகாப்பு. எழுத்துமூலம் நாளை அனுப்புகிறேன். ஏம்பா, சட்னி எங்கே?”

பேச்சிராஜன் கணக்குப் போட்டார். பழையதை அழித்தாலும், தான் சொன்ன மூன்றோ அதிகாரி சொன்ன நான்கோ என்றால் கீழே உள்ளவை இருபது நிமிடத்தில் நிரம்பிவிடும். அதன்பிறகு எந்தப் படகின் தகவலும் ஏறாது.

பெர்னதெத் தம்பியின் புள்ளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அது இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. கீழே, மேசைக்காலில் நீர் ‘சளக்’ என்று மோதும் சத்தம் கேட்டது.

“ரெண்டு,” என்றாள். “ஒண்ணு கீழ, ஒண்ணு நாலாவதுல. நாலாவது எவ்வளவு மெதுவா பதில் சொன்னாலும் காத்துக் கெடக்கணும்.”

“மேடம், நாலாவது படுத்துட்டா? உங்க தம்பியும் கடல்லதான இருக்காரு!”

“தெரியும். போடுங்க.”

“அப்ப நான் சொன்னதுதானக்கா?” டெல்வின் பல்லைக் காட்டினான்.

“நீ வாய மூடிட்டு அஞ்சாவத மாட்டு.”

பேச்சிராஜன் பழையதை அழித்துவிட்டுக் கட்டளையைத் தட்டினார். ஒரு மணி நேரம் தகவல் ஏறியது. நாலேகாலுக்குத் தம்பியின் புள்ளி அணைந்தது. அடுத்த நொடி தண்ணீர் ஏறிக் கீழ்த்தளமே இருண்டது.

விரல்களை மடக்குங்கள். இரண்டு, மூன்று, நான்கு, மாடியில் ஒன்றோடு இரண்டு. இதில் யார் சொன்னது சரி?

விடை: டெல்வினின் இரண்டும் பேச்சிராஜனின் மூன்றும் கீழேயே உட்கார்ந்திருக்கும், ஏனென்றால் அங்குள்ளவைதான் முந்தும். மூன்றும் ஒரே தண்ணீரில் போயிருக்கும். அதிகாரியின் நான்கு மாடியை எட்டும். ஆனால் இருபது நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். பெர்னதெத் சொன்னதே சரி. ஆனாலும் பேச்சிராஜனின் பயம் பொய்யில்லை. நாலேகாலிலிருந்து, டெல்வின் ஐந்தாவதை உயிர்ப்பித்து இரண்டாம் பிரதி எடுக்கும்வரை, பதினெட்டு நிமிடம் பதினொரு படகுகளும் ஒற்றைக் கணினியில் தொங்கின. அந்தப் பதினெட்டு நிமிடம் புயல் கொடுத்ததல்ல, திரையைப் பார்க்காமல் ஐந்தாவதைத் திறந்த ஞாயிறு கொடுத்தது. இப்போது புள்ளி ஒன்றுகூட இல்லாத நாளில்தான் அங்கே திருப்புளியைத் தொடுகிறார்கள். மறுநாள் காலை, நான்காவது காட்டிய இடங்களில் தேடிய மீட்புக் கப்பலின் வயர்லெஸ்ஸில் ஜெபஸ்தியான் வந்தான்: “அக்கா, மீன் பூராவும் அழுகிப் போச்சுக்கா!” பெர்னதெத் அவனைத் திட்டத் தொடங்கினாள்.