சாரட்டில் போன காலண்டர்

கோணச்சத்திரம் பேண்டு வாத்தியக் குழுவின் வாசிப்பில் யாரும் குறை சொன்னதில்லை. அவர்கள் வந்து சேரும் நாளைப் பற்றித்தான் ஊருக்கு மனக்குறை. ஒரு கல்யாணத்துக்கு மறுநாள் போய், பந்தல் பிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு முழுக் கச்சேரியும் வாசித்துவிட்டு வந்தார்கள். ஒரு காதுகுத்துக்கு, குழந்தையின் காது ஏற்கெனவே ஆறிப்போன பிறகு போனார்கள்.

குழுவில் நான்கு பேர். டிரம்பெட் ஊதும் சவரிராயன்தான் தலைவர். எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். கிளாரினெட்டுக்கு வெள்ளையப்பன். பெரிய டிரம்முக்கு உமாபதி. தாளத்துக்குத் தவசி. நால்வரில் யோசிக்கிற ஆள் வெள்ளையப்பன். நடந்ததெல்லாம் அதனால்தான் நடந்தது.

தவசிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண் செண்பகவல்லி, அரிசி ஆலை நாகலிங்கத்தின் மூத்த மகள். வெற்றிலை பாக்கு மாற்றிய கையோடு நாகலிங்கம் சொன்னார்:

"மாப்பிள்ளை, உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உங்க பேண்டு மேலதான். என் பொண்ணு கல்யாணத்துக்காவது அது சரியான நேரத்துக்கு வரணும். வரலைன்னா பொண்ணைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

தவசிக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாண மண்டபத்து மேனேஜர் பூங்கோதையிடம் போய் அழாத குறையாகச் சொன்னான்.

"இதுக்கா இவ்வளவு கவலை?" என்றாள் பூங்கோதை. "எங்க மண்டபத்துக் காலண்டரை நெட்டுல எல்லாரும் பார்க்கிற மாதிரி வச்சிருக்கேன். உங்க கடைக் கம்ப்யூட்டர்ல மெயில் புரோகிராம் இருக்கில்ல? அதுல சந்தா சேர்ந்துக்குங்க. நான் இங்கே ஒரு விசேஷத்தை எழுதினா அங்கே தானா வந்துடும்."

பேண்டு கடையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதன் மேல் மாஸ்டர் தன் தொப்பியை வைப்பார். தவசி வந்து செய்தி சொன்னதும் உமாபதி சுவரில் ஓர் ஆணி அடித்தார். காலண்டர் வந்தால் மாட்ட வேண்டுமே. நால்வரும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம் வரை காலண்டர் வரவில்லை.

"ஆணி சின்னதோ?" என்றார் மாஸ்டர்.

பெரிய ஆணி அடித்தும் வரவில்லை. கடைசியில் பூங்கோதையே வந்தாள். தொப்பியை எடுத்துக் கீழே வைத்தாள். மெயில் புரோகிராமைத் திறந்து, புதிய காலண்டர் சேர்க்கும் இடத்துக்குப் போய், மண்டபத்துக் காலண்டரின் முகவரியைப் போட்டாள். மண்டபத்து விசேஷங்கள் கட்டம் கட்டமாகத் திரையில் வந்து உட்கார்ந்தன.

"நல்லாக் கேட்டுக்குங்க மாஸ்டர். நான் எழுதுறதை நீங்க படிக்கலாம், மாத்த முடியாது. கம்ப்யூட்டரை அணைக்கக் கூடாது. ஒவ்வொண்ணுக்கும் கால் மணி நேரம் முன்னாடி மணி அடிக்கும். அடிச்சதும் கிளம்பிடணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்று மாஸ்டர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

மறுநாளே மணி அடித்தது. நால்வரும் சிவப்புச் சீருடையில் மண்டபத்துக்கு ஓடினார்கள். கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்கிற லாரி பின்பக்கமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு வாசிக்கிற பாட்டை வாசித்து அதை வரவேற்றார்கள். லாரி டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் தன்னை யாரும் இப்படி வரவேற்றதில்லை என்றார்.

பூங்கோதை மேலே இருந்து எட்டிப் பார்த்தாள். "உங்களை யார் கூப்பிட்டது?"

"காலண்டர் கூப்பிட்டுச்சு மேடம்."

"அது எனக்காக எழுதி வச்சது மாஸ்டர். கல்யாணத்துக்கு மட்டும் வாங்க."

ஆனாலும் நேரத்துக்கு வந்துவிட்டார்களே என்று தவசிக்குத் தெம்பு வந்தது. வெள்ளையப்பனுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. கல்யாணத்தன்று காலையில் எல்லோரும் கடையில் கூடியதும் அவர் பேச்சை எடுத்தார்.

"லாரி வந்த அன்னிக்கு டீக்கடை லீவு. அதனால போய்ச் சேர்ந்தோம். இன்னிக்குக் கடை உண்டு. டீக்கடையைத் தாண்டி நாம எப்போ நேரத்துக்குப் போயிருக்கோம்?"

எல்லோரும் நினைத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

"இப்பவே கிளம்பிடலாமே," என்றான் தவசி. பட்டு வேட்டியில் இருந்தான். "நான் மாப்பிள்ளையாச்சே."

"மாப்பிள்ளைக்கும் மணி அடிக்கணும்," என்றார் மாஸ்டர். "மாத்த முடியாதுன்னு மேனேஜர் சொன்னதை நீ கேட்கலையா?"

"அப்ப ஒரு வழிதான்," என்றார் வெள்ளையப்பன். "டீக்கடைக்கு அந்தப் பக்கம் மணி அடிக்க வைக்கணும். கம்ப்யூட்டரை மண்டபத்துக்குக் கொண்டுபோயிடலாம்."

"அணைக்கக் கூடாதே."

"அணைக்காமக் கொண்டுபோவோம்."

லைட் செட் கடையில் ஒயர் கேட்டார்கள். கிடைத்ததெல்லாம் சீரியல் பல்பு தொங்குகிற ஒயர். அதையே ஒன்றோடு ஒன்று முடிந்து நீளமாக்கினார்கள். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி ஒயரில் மாட்டுகிற அந்த ஒரு நொடி எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். யாரும் பார்க்காததால் கம்ப்யூட்டர் அணையவில்லை என்று முடிவாயிற்று. மறுபடி உயிர் வந்ததும் மெயில் புரோகிராமைத் திறந்து வைத்தார்கள்.

மாப்பிள்ளைக்குச் சாரட்டு வண்டி வந்திருந்தது. கம்ப்யூட்டர் குலுங்கக் கூடாதென்று மெத்தை இருக்கையில் அதை வைத்தார்கள். வெயில் படாமல் மேலே குடை. தவசி பின்னால் ஒயரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். கழுத்து வலித்ததால் மாலையைக் கழற்றி வண்டியில் போட்டான். அது கம்ப்யூட்டர் மேல் விழுந்தது. பட்டப்பகலில் தெரு நெடுக வண்ண பல்புகள் எரிந்தன.

டீக்கடையில் நின்று ஆளுக்கு இரண்டு டீ குடித்தார்கள். டீக்கடைக்காரரும் கடையை மூடிவிட்டுக் கூடவே கிளம்பினார்.

மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்ணின் அத்தை, சாரட்டில் யார் என்று சரியாகப் பார்க்காமல் மூன்று முறை சுற்றி, திரையின் நடுவில் பொட்டும் வைத்துவிட்டாள். பூங்கோதை தலையில் கை வைத்துக்கொண்டாள். நாகலிங்கத்துக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

"முகூர்த்தத்துக்கு முன்னாடியே வந்துட்டாங்களே. இந்தப் பேண்டையா நான் சந்தேகப்பட்டேன்?"

தவசி மணவறையில் உட்கார்ந்தான். பக்கத்தில் செண்பகவல்லி வந்து உட்கார்ந்தாள். மற்ற மூவரும் சாரட்டைச் சுற்றி நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம் இருக்கையில் மணி அடித்தது.

"அடிச்சிடுச்சு. கிளம்புங்க," என்றார் மாஸ்டர்.

"எங்கே மாஸ்டர்?" என்றார் உமாபதி. "மண்டபத்துக்கு வந்தாச்சே."

"மணி அடிச்சா வந்து சேரணும்னு மேனேஜர் சொல்லலை. கிளம்பணும்னுதான் சொன்னாங்க."

"வந்த இடத்துலேருந்து கிளம்பினா எங்கே போறது?"

வெள்ளையப்பன் யோசித்தார். "கிளம்பின இடத்துக்குத்தான்."

சாரட்டு திரும்பியது. டிரம்பெட் சத்தம் கேட்டதும் தவசி மணவறையிலிருந்து எழுந்து தாளத்தை எடுத்துக்கொண்டு ஓடினான். அவன் இல்லாமல் வாசிப்பு எப்படி நடக்கும்?

"மாப்பிள்ளை எங்கே போறார்?" என்று நாகலிங்கம் பதறினார்.

"கிளம்புறார்ப்பா," என்றாள் செண்பகவல்லி. "மணி அடிச்சது எனக்கும் கேட்டுச்சு." புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளும் நடந்தாள்.

பேண்டு முன்னால் போனால் சனம் பின்னால் போவதுதான் கோணச்சத்திரத்து வழக்கம். அத்தை போனாள், புரோகிதர் தாலித் தட்டோடு போனார், நாகலிங்கமும் போனார். டீக்கடைக்காரர் கூட்டத்தில் இருந்ததால் கடை மூடியிருந்தது. வழியில் நிற்க வேலை இல்லை. பேண்டு கடைக்குள் நுழையவும் முகூர்த்த நேரம் வரவும் சரியாக இருந்தது. புரோகிதர் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. மணமக்களைப் பெரிய டிரம்மின் இரு பக்கமும் நிற்க வைத்தார். தவசி தாலி கட்டினான். மாலைகளைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார்கள்.

நாகலிங்கம் மாஸ்டரைக் கட்டிக்கொண்டார். "நிமிஷம் பிசகலையே மாஸ்டர். என் சின்னவ கல்யாணத்துக்கும் நீங்கதான்."

சற்று நேரத்தில் பூங்கோதை வேர்க்க விறுவிறுக்க வந்தாள். "சாப்பாடு ஆறுது. எல்லாரும் மண்டபத்துக்கு வாங்க."

"மணி அடிக்கலையேம்மா," என்றார் நாகலிங்கம். "ஒழுங்கா நடக்கிற காரியத்தை நாமளே கெடுக்கலாமா?"

அவளும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். ஒருவரும் அசையவில்லை. வேறு வழியில்லாமல் அண்டா குண்டாவை எல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, கடை வாசல் தெருவிலேயே பந்தி போட்டாள். இலையில் சோறு விழுந்தது. நடுவில் குழி செய்து சாம்பார் ஊற்றினார்கள். எல்லோரும் பிசைந்து முதல் கவளத்தை உருட்டினார்கள்.

கம்ப்யூட்டரில் மணி அடித்தது. மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "விருந்து. மண்டபம்."

பந்தி முழுவதும் எழுந்துவிட்டது. நாகலிங்கம்தான் முதல் ஆள். சாம்பார் வாளியோடு பூங்கோதை தெருவில் நின்றாள்.

"கையைக் கழுவிடாதே செண்பகம்," என்றான் தவசி, தாளத்தை இடது கையில் எடுத்துக்கொண்டு. "பிசைஞ்ச கை அப்படியே இருக்கட்டும். போனதும் நேரா வாயில வைக்கலாம்."