திருப்பிக் கொடுக்காத பாத்திரங்கள்

முத்துப்பேச்சியின் அடுக்களையில் அவள் பாத்திரத்தைவிட ஊரார் பாத்திரம்தான் அதிகம். தூக்குவாளி, சம்படம், மூடியில்லாத குண்டான் என்று சுவரோரம் வரிசையாக இருந்தன. எல்லாம் சர்ச் தெருவிலிருந்து வந்தவை.

ஏழு வயது மகன் இசக்கிராஜா மூளைக்காய்ச்சலில் போன பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. அவள் அந்தச் சபையைச் சேர்ந்தவள்கூட இல்லை. அதை யாரும் கேட்கவுமில்லை. ஒரு வீட்டிலிருந்து கஞ்சி, ஒரு வீட்டிலிருந்து ரசம் என்று வந்துகொண்டே இருந்தது. சோறு வந்த வழியே ஒருநாள் அவளும் போய், ஜெபத்தில் கடைசிப் பாயில் உட்கார்ந்தாள். அங்கே உட்கார்ந்தால் நெஞ்சு கொஞ்சம் லேசானது.

சபைப் போதகர் ரூத், பேச்சியைவிடப் பத்து வயது இளையவள். சாயங்காலம் வேதம் சொல்லிக்கொடுப்பாள். பேச்சி கேள்வி கேட்டே அவளைத் திணறடிப்பாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் என்று முடிவானது. வேடிக்கையைப் பாருங்கள், அதோடு பேச்சி வருவதையே நிறுத்திவிட்டாள்.

ரூத் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"என்னக்கா, ஆளையே காணோம்?"

"எந்த மூஞ்சியோட வர? இந்தப் பாத்திரத்தையெல்லாம் பாருங்கம்மா."

"பளபளன்னு விளக்கித்தானே வச்சிருக்கீங்க."

"விளக்கி என்ன செய்ய? வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்க முடியுமா? ஒரு கை சீனியாவது போட வேண்டாமா? பணியாரம் சுட்டுப் போட்டுக் குடுப்போம்னு முந்தாநாள் அடுப்பைப் பத்த வச்சேன். முதல் பணியாரத்தை எடுத்து ஊதி, 'இந்தா ராசா'ன்னு வாசலைப் பார்த்து நீட்டுதேன். அப்புறம் எல்லாம் கருகிப் போச்சு."

அடுக்கில் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர் மட்டும் தனியாகக் கவிழ்ந்திருந்தது. அதை எடுக்கப் போனவளைப் பேச்சி தடுத்தாள்.

"அதைத் தொடாதீங்க. என் புருசனையே தொட விடலை."

ரூத் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஜெபத்திலயும் இதே கதைதான்," என்றாள் பேச்சி. "எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லுதாங்க. என் வாயில ஒண்ணும் வரலை. சாமிகிட்ட வெறுங்கையோட போய் எப்படி நிக்க? எனக்குக் கூசுது. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், விட்டுருங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அந்தக் கடைசிப் பாயும் இல்லையென்றால் அவளுக்குப் போக வேறு இடமில்லை.

ரூத் மூலையில் கிடந்த சாக்கை எடுத்து உதறினாள். பாத்திரங்களை ஒவ்வொன்றாக உள்ளே போட்டாள்.

"இந்தப் பக்கம் பிடிங்கக்கா."

"எதையாவது கொஞ்சம் போட்டு..."

"பிடிங்க."

சாக்குக்குள் பாத்திரங்கள் கடகடக்க, இருவரும் சர்ச் தெருவுக்குள் நுழைந்தார்கள். மானம் போகிறதே என்று பேச்சி குனிந்த தலை நிமிரவில்லை.

முதல் வீட்டில் அற்புதமேரி சம்படத்தை வாங்கி, திறந்து பார்த்தாள். உள்ளே போனாள். அதே சம்படம் நிறையச் சுண்டலோடு திரும்பி வந்தாள்.

"நான் இதைத் திருப்பிக் குடுக்கல்லா வந்தேன்," என்றாள் பேச்சி.

"சும்மா இருங்க மதினி. வெறும் பாத்திரத்தை வாங்கி உள்ள வைக்க எனக்கும்தான் கூசுது."

அடுத்த வீட்டிலும் இதே கூத்துதான். சாக்கு காலியாகக் காலியாக, கையில் நிறைந்த பாத்திரம் ஏறிக்கொண்டே போனது. எத்தனையோ நாளைக்குப் பிறகு பேச்சிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த கையோடு அழுகையும் வந்தது.

கடைசி வீடு தர்மக்கனியுடையது. தலை நரைத்த, அதிகம் பேசாத மனுஷி. தூக்குவாளியை வாங்கியவள் உள்ளே பார்க்கவில்லை. விளிம்பில் வெட்டியிருந்த பெயரைப் பெருவிரலால் தடவினாள். சாமுவேல் என்று இருந்தது.

"உங்க வீட்டுக்காரரா?" என்றாள் பேச்சி.

"மகன். சின்னப் பிள்ளையிலயே குளத்துல போயிட்டான். அன்னைக்குப் பரண்ல ஏத்தின வாளி இது. ஒருத்தரையும் தொட விட்டதில்லை." கொஞ்சம் நிறுத்தினாள். "உன் வீட்டு அழுகையைக் கேட்ட அன்னைக்குத்தான் இறக்கினேன். இதுல கஞ்சி ஊத்தும்போது அவன் பேரைச் சத்தமாச் சொன்னேன். எத்தனையோ வருசத்துக்கு அப்புறம்."

பேச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுது தீர்த்தார்கள். ரூத் சாக்கை மடித்து வைத்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வரும்போது பேச்சி கேட்டாள்: "வெறுங்கையோட எப்படி நிக்கன்னு கேட்டேனே. நீங்க பதிலே சொல்லலையேம்மா."

"சுண்டல் ஆறிரும். முதல்ல சாப்பிடுங்கக்கா."

ஞாயிற்றுக்கிழமை பேச்சி வந்தாள். முந்தானைக்குள் எதையோ மூடிக் கொண்டுவந்தாள். சபை முழுவதும் எழுந்து நின்றது. ஞானஸ்நானத் தொட்டியருகே நின்ற ரூத், வாங்க என்று கை நீட்டினாள்.

பேச்சி முந்தானையை விலக்கினாள். அடுக்கில் கவிழ்ந்து கிடந்த அந்த டம்ளர். முதல் பிறந்தநாளுக்குப் பிள்ளையின் தாய்மாமன் பெயர் வெட்டிக் கொடுத்தது.

"இதைத்தான் கொண்டு வந்தேன்," என்றாள். "உள்ள ஒண்ணுமில்லை."

ரூத் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இசக்கிராஜா," என்று எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

பிறகு டம்ளரைத் தொட்டியில் முக்கி, நிறைய மொண்டாள்.

"குனிங்கக்கா. அவன் ஊத்தட்டும்."