கொக்கு பார்த்ததும் பார்க்காததும்

ஒரு காட்டில் கோடைக்கென்று ஒரே ஒரு குளம்தான் இருந்தது, பிள்ளைகளே. அந்த வருஷம் கோடை பாதிகூட ஆகவில்லை, அதற்குள் தண்ணீர் மளமளவென்று இறங்கிவிட்டது.

குரங்குக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "குளக்கரைப் பாறைக்குக் கோபம் வந்துவிட்டது. முள்ளம்பன்றி அதன் அடியில் குட்டி போட்டதிலிருந்துதான் இப்படி" என்று மரத்துக்கு மரம் தாவிச் சொன்னது.

யானைத் தலைவர் கூட்டம் கூட்டினார். அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாட்சி சொல்ல வருகிறவர் 'பார்த்தேன்' என்றோ 'கேள்விப்பட்டேன்' என்றோ முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

"பார்த்தேன். பாறை கோபத்தில் உறுமியது" என்றது குரங்கு.

மான் பயந்த சுபாவம். கூட்டத்தோடு ஒத்துப்போனால் வம்பில்லை என்று நினைத்து, "நானும் பார்த்தேன்" என்றது. முயலும் அப்படியே சொன்னது.

"சரி. பொழுது சாய்வதற்குள் முள்ளம்பன்றி மேட்டைத் தாண்டிப் போய்விடட்டும்" என்றார் யானை.

மேட்டுக்கு அந்தப் பக்கம் சிறுத்தை இருக்கிறது. முள்ளம்பன்றி அழுதது. "என் குட்டிகளுக்கு இன்னும் முள்கூடக் கெட்டிப்படவில்லையே, ஐயா."

நாளெல்லாம் அந்தத் தண்ணீரிலேயே நிற்கும் கொக்குக்கு மனம் கேட்கவில்லை. முன்னால் வந்தது.

"பார்த்தேன், தலைவரே. நீங்கள் தினமும் முதுகு தேய்க்கிற இடத்தில் கரை விரிசல் விட்டிருக்கிறது. தண்ணீர் அந்த வழியாகத்தான் போகிறது."

யானை காதை விரித்தார்.

"பழியை என் மேலேயே போடுகிறாயா?"

"யார் மேலும் போடவில்லை, ஐயா. கரைக்கு அந்தப் பக்கம் வந்து பாருங்கள்."

யானை போய்ப் பார்த்தார். காடெல்லாம் காய்ந்து கிடக்க, அந்த ஓர் இடத்தில் மட்டும் புல் பச்சைப்பசேல் என்று வளர்ந்திருந்தது. தும்பிக்கையை வைத்தார். மண் சேறாக இருந்தது. அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"தப்பு என்னுடையது. முள்ளம்பன்றி இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லி, களிமண்ணை அள்ளிவந்து விரிசலைத் தாமே மிதித்து அடைத்தார். தண்ணீர் போவது நின்றது.

குரங்கு விடுமா? கொக்கிடம் வந்து, "பாறையின் கோபம் தணிந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லேன். என் மானமாவது பிழைக்கும்" என்று கெஞ்சியது.

"பாறை கோபப்பட்டதை நான் பார்க்கவில்லை. தணிந்ததையும் பார்க்கவில்லை. விரிசல் அடைபட்டதைப் பார்த்தேன். அதைத்தான் சொல்வேன்" என்றது கொக்கு.

அப்போது முள்ளம்பன்றி தன் குட்டிகளைத் தண்ணீர் குடிக்கக் கூட்டி வந்தது. கொக்கு நகர்ந்து இடம் விட்டது.

நீதி: கண்டதைக் கண்டபடி சொல்; காணாததைக் கண்டேன் என்று சொல்லாதே. உன் சொல்லை நம்பி ஓர் உயிர் இருக்கலாம்.